உச்சந்தலை

தண்ணீர் முழங்கையிலிருந்து சொட்டுகிறது. முழங்கை தாழ்ந்திருக்க வேண்டும், விரல்கள் மேலே, எப்போதும் விரல்கள் மேலே. இத்தனை வருஷம் இப்படியே நின்று நின்று வீட்டில் பாத்திரம் கழுவினால்கூடக் கை தானாக உயர்ந்துகொள்கிறது, யாரைக் கும்பிடுகிறாய் என்று எட்வின் கேட்பார். காலையில் எட்வினுக்குச் சட்னி அரைத்து வைக்காமல் வந்துவிட்டேன். அரைத்துக்கொள்வார், புருஷர்கள் பட்டனை அமுக்கினாலும் மிக்ஸி ஓடும். நகக்கண்ணில் பிரஷ் பட்டுத் தேயும்போது வரும் அந்தச் சின்ன எரிச்சல் எனக்குப் பிடிக்கும். அது வந்துவிட்டால் கை வேலைக்குத் தயார். இன்றைக்கும் வந்துவிட்டது. கை நான் சொன்ன இடத்தில் நிற்கும். இது கர்வமா என்று ஒருதரம் கோயிலில் ஆராதனை நடக்கும்போதே யோசித்துப் பார்த்தேன். கர்வம் இல்லை, நல்ல சமையல்காரருக்கு உப்பு தெரிவது மாதிரி எனக்கு என் கை தெரியும், அவ்வளவுதான். டாக்டர் ஹெப்சிபா எட்வின், பிளாஸ்டிக் சர்ஜரி என்று அறைக் கதவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, பிளாஸ்டிக்கையா வைத்துத் தைப்பீர்கள் என்று கேட்பவர்கள் இன்னும் வருகிறார்கள். இன்றைக்கு ஆபரேஷன் செய்யப்போகிற குழந்தையின் அம்மாவும் முதல் நாள் அதைத்தான் கேட்டாள். இல்லைம்மா, எல்லாம் குழந்தையுடைய தோலேதான், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துவோம் என்றேன். அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னொரு நாள் அவளிடம், உடம்புக்கு அம்மாவும் வேத்தாள்தான் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? உண்மை, அதனால் சொன்னேன். உண்மை என்றால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா? குழாயை முழங்கையால் மூடுகிறேன். மூடவில்லை, ஒழுகுகிறது, இந்தக் குழாய்க்கு வாஷர் மாற்றச் சொல்லி எத்தனைதரம் சொல்வது. வேத்தாள். அந்தச் சொல் தண்ணீரோடு போகாமல் கையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

குழந்தையின் பெயர் தன்ஷிகா. நான்கு வயது. பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி வீடு, முன்னறையில் இரண்டு தறி, பின்னறையில் ஊடைநூல் சுற்றும் தார் மிஷின், நடுவில் வாழ்க்கை. அன்று எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக் காய்வதற்காக முடியை விரித்துவிட்டிருக்கிறாள் அம்மா கோகிலவாணி. நான்கு வயதுக்கு நீளமான முடி, இடுப்பைத் தொடும். குலதெய்வத்துக்கு மூன்றாவது மொட்டை நேர்ந்துகொண்டு வளர்த்த முடி. உருண்டு போன நூல்கண்டை எடுக்கக் குழந்தை மிஷினுக்கு அடியில் குனிந்தது. பெல்ட் முடியைப் பிடித்தது. அதற்கு மேல் கோகிலவாணி சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை, தலை எல்லாவற்றையும் சொல்கிறது: எந்தப் பக்கமிருந்து இழுத்தது, எங்கே கிழியத் தொடங்கியது, புருவத்துக்கு மேலே எங்கே நின்றது. அப்பா தறிச் சத்தத்தில் கேட்கவில்லை, அம்மாதான் மோட்டாரை நிறுத்தியிருக்கிறாள். பிய்ந்து வந்ததை ஒரு துண்டில் சுற்றிக் குழந்தையோடு தூக்கிக்கொண்டு ஓடி, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் அதையே திரும்ப வைத்துத் தைத்தார்கள். அவர்கள் செய்ததில் தப்பில்லை, நானாக இருந்தாலும் தைத்துத்தான் பார்த்திருப்பேன், சில சமயம் பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லை. கறுத்தது, காய்ந்தது, உரிந்தது. என்னிடம் வந்தபோது உச்சந்தலையில் எலும்பு வெளியே தெரிந்தது. எலும்பென்றால் எல்லோரும் வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உயிருள்ள எலும்பு வெள்ளை இல்லை, உள்ளுக்குள் ஒரு ரோஸ் ஓடும். காயத் தொடங்கினால்தான் வெளுக்கும், பிறகு மஞ்சளாகும், பிறகு அதில் கிருமி குடியேறும். அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று நினைக்க வேண்டாம். நினைக்காமல் எப்படி, அதற்குக் கீழேதான் தன்ஷிகா இருக்கிறாள். ஆகவே வந்த அன்றைக்கே ஈரத்துணி, மேலே மருந்துக் களிம்பு, அதற்கு மேல் கட்டு, காய விடாதீர்கள், காய விடாதீர்கள் என்று வார்டு முழுவதும் சொல்லிவைத்தேன். புண் சுத்தமாக வேண்டும், சளி இருமல் விலக வேண்டும், உடம்பில் கொஞ்சம் ரத்தம் ஏற வேண்டும், அதுவரைக்கும் காத்திருந்தோம். அந்த நாட்களில் கோகிலவாணி வேறெதுவும் கேட்கவில்லை. வலி தெரியுமா என்று கேட்கவில்லை, பிழைப்பாளா என்று கேட்கவில்லை. முடி மொளைக்குமுங்களா? காலையில் ரவுண்ட்ஸ் போனால் அது. சாயங்காலம் போனால் அது. கட்டு மாற்றுகிற சிஸ்டரிடம், தரை துடைக்கிற அம்மாவிடம், பக்கத்துக் கட்டில்காரரிடம், எல்லோரிடமும் அதுவே. வார்டில் சிலர் சலித்துக்கொண்டார்கள், உசிரு பெருசா மசிரு பெருசா என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டே விட்டாள். எனக்குச் சலிப்பு வரவில்லை. முடியை விரித்துவிட்டது அவள் கை. அந்தக் கைக்குத் திரும்ப ஒரு பின்னல் போட வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு ஒருநாள் என் அறைக்குத் தனியாக வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தன் கொண்டையை அவிழ்த்து முன்னால் போட்டுக் காட்டினாள். நல்ல அடர்த்தி, எண்ணெய் வாசனை. "என்ற தலையில இருந்து எடுத்து வெச்சுருங்க டாக்டரம்மா. எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க. எனக்கு வேண்டாமுங்க" என்றாள். துணிக்கடையில் பீஸ் எடுத்துப் போடுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அப்போதுதான் நான் விளக்கினேன்: இன்னொருவர் தோல் நிற்காது, சில நாளில் உடம்பு தள்ளிவிடும், உடம்புக்கு அம்மாவும் வேத்தாள்தான். அவள் முடியை மெதுவாகச் சுருட்டித் திரும்பக் கொண்டை போட்டுக்கொண்டாள். "பத்து மாசம் வெச்சிருந்தப்ப தள்ளலீங்களே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, கர்ப்பப்பைக்கு வேறு சட்டம், அதைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். வார்டு பாய் வந்து ஏதோ கையெழுத்துக் கேட்டான், போட்டேன். நிமிர்ந்தபோது அவள் போயிருந்தாள்.

ஆபரேஷன் அங்கியைப் பின்னால் கட்டிவிடுகிறார்கள். கையுறை. ஏசி குளிர் கணுக்காலில் ஏறுகிறது. தன்ஷிகா தூங்குகிறாள், தூங்குகிறாள் என்றுதான் சொல்வோம், ஆனால் மயக்க டாக்டர் ஜலாலுதீன் தூங்க வைத்த தூக்கம் வேறு, அதில் கனவு கிடையாது. ஜலாலுதீன் தலைமாட்டில் இல்லை, இன்றைக்குத் தலை எனக்கு வேண்டும் என்பதால் அவர் பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார், பெரிய உடம்பு, சின்ன ஸ்டூல். இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து ஒரே ஒருதரம் கேட்டிருக்கிறேன், அது கேன்டீனில். எனக்கு எதிரே அகல்யா, என் உதவி சர்ஜன், நிதானமான கை, நான் கேட்பதற்குள் விளிம்பைப் பிடித்துக் கொடுக்கும் கை. தலையைச் சுற்றிப் பச்சைத்துணி விரித்தாயிற்று. இனி முகம் இல்லை, தலை மட்டும். காலையில் புண்ணைச் சுற்றி மிச்சமிருந்த முடியை வழித்தார்கள். கோகிலவாணி முந்தானையை ஏந்திப் பிடித்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாளாம், சாமிக்கு இதையே குடுத்துர்றன், மூணாவது மொட்டை முடிஞ்சுதுன்னு வெச்சுக்கட்டும் என்று சொன்னாளாம். சாமி வைத்துக்கொள்ளும். வழித்த தலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஹாஸ்டல் ஞாபகம் வந்துவிடும், பாளையங்கோட்டையில், ஆறாம் வகுப்பில், பேன் தாங்கமுடியாமல் வார்டன் சிஸ்டர் எங்கள் அறைப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் மொட்டை அடிக்க வைத்தார். முதலில் எல்லோரும் அழுதோம். பிறகு ஒருத்தி தலையை ஒருத்தி தடவிப் பார்த்தோம். தலை உருண்டை இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மேடு இருந்தது, பள்ளம் இருந்தது, காதுக்குப் பின்னால் ஒரு முண்டு, நெற்றிப்பொட்டில் கையை வைத்தால் உள்ளே யாரோ நடப்பது மாதிரி ஒரு துடிப்பு. ஜன்னல்வழியாக வந்த காற்று தலையில் நேராகப் பட்டது, அந்தக் குளிர், முடிக்குக் கீழே இவ்வளவு நாள் இப்படி ஒரு இடம் ஒளிந்திருந்ததா என்ற திகைப்பு. இன்றைக்கும் அந்தத் துடிப்பைத்தான் தேடுகிறேன். காதுக்கு முன்னால் விரலை வைக்கிறேன். இருக்கிறது. பிடரிக்கு மேலே, ஓரமாக. இருக்கிறது. பிய்ந்து போனது போக மிச்சமிருக்கும் தோலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பாதைகள் இவை. இதை நம்பித்தான் இன்றைய வேலை. ஊதா மையால் கோடு போடுகிறேன், புண்ணின் விளிம்பிலிருந்து காதுக்கு மேலாகப் பின்பக்கம் வளைந்து போகிற நீளமான வளைவு. பெரியதாகப் போட வேண்டும். புண்ணின் அளவுக்குத் தோலை எடுத்தால் போதும் என்று புதியவர்கள் நினைப்பார்கள், போதாது, தலைத்தோல் ரப்பர் இல்லை. பாதித் தலையையே தூக்கித் திருப்பினால்தான் ஒரு உள்ளங்கை இடம் மூடும்.

"இவளுக்கு மொத்தமே கொஞ்சம் ரத்தம்தான், ஹெப்சிபா" என்கிறார் ஜலாலுதீன். ஒவ்வொரு குழந்தைக்கும் இதைச் சொல்வார், ஒவ்வொரு குழந்தைக்கும் நான் தெரியும் என்பேன். தெரியும். தலைத்தோல் மாதிரி ரத்தம் கொட்டுகிற இடம் உடம்பில் குறைவு. அதனால்தான் கோட்டின் வழியாக முதலிலேயே மருந்து கலந்த உப்புநீரை ஊசியில் ஏற்றிவிட்டோம், ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளட்டும். காத்திருந்தோம். இப்போது வெட்டுகிறேன், கொஞ்சம், அகல்யா விளிம்பை அழுத்துகிறாள், கொஞ்சம், அழுத்துகிறாள், ஓரத்தில் கிளிப்புகள் வரிசையாக ஏறுகின்றன, நனைந்த பஞ்சுத்துணிகளை ஜலாலுதீன் தன் பக்கம் போடச் சொல்லி, எவ்வளவு ரத்தம் போயிற்று என்று கணக்குப் பார்த்துக்கொள்கிறார். ஒரு இடத்தில் மெல்லிய பீச்சல் என் கண்ணாடியில் தெறிக்கிறது, அதைக் கட்டியாயிற்று. தோலைத் தூக்குகிறேன். அடியில் ஒரு தளம் இருக்கிறது, கத்தியே வேண்டாம், சரியான தளத்துக்கு வந்துவிட்டால் விரலே போதும், ஈரமான ரெண்டு காகிதம் பிரிவது மாதிரி பிரியும். எலும்பின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை அங்கேயே விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் தூக்க வேண்டும், அந்தச் சவ்வு இருக்கிற இடம் உயிருள்ள நிலம், அதில் எதையும் ஒட்டலாம். உச்சந்தலையில் அது இல்லை, அங்கே வெறும் எலும்பு, இத்தனை கவனத்துக்குப் பிறகும் நடுவில் ஒரு காசளவு மஞ்சள் தட்டியிருக்கிறது. டிரில் கேட்கிறேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே மேலாகச் சுரண்டுகிறேன், குழந்தையின் எலும்பு மெல்லிசு, ஆழம் போகக்கூடாது, கையில் வரும் சத்தம் மாறினால் நிறுத்த வேண்டும். காய்ந்த மரத்தைச் சீவுகிற சத்தம். மஞ்சள் போகிறது. வெள்ளை. இன்னும் கொஞ்சம். வெள்ளை. அகல்யா மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது முகக்கவசத்தில் தெரிகிறது. சட்டென்று ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. மழை தொடங்கும்போது மண்ணில் விழுவது மாதிரி, ஆனால் கீழேயிருந்து மேலே. எலும்பு உயிரோடு இருக்கிறது. சரி. இதற்கு ஒரு போர்வை போட்டுவிட்டால் போதும். எனக்கு வாய்க்குள் சிரிப்பு வருகிறது, கவசத்துக்குள் யாருக்கும் தெரியாது. இந்த வேலையில் எனக்குக் கிடைக்கிற சந்தோஷத்தை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். எட்வினிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன், சாப்பிடும்போது வேண்டாமே என்பார்.

தூக்கிய தோலின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். அங்கே வெள்ளையாக ஒரு விறைத்த படலம், அதுதான் இந்தத் தோலை நீளவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. அதில் மட்டும் கோடு கோடாகக் கீறினால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதற்கு மேல் ஒரு மயிரிழை போனாலும் ரத்தக்குழாய் போய்விடும். கீறுகிறேன். மூச்சு விடுவது எனக்கே கேட்கிறது. ஒரு கீறல், கொஞ்சம் விட்டது. இன்னொன்று. இன்னொன்று. கழுத்து வலிக்கிறது, முட்டி வலிக்கிறது, வலி வேறு யாருக்கோ. இப்போது திருப்பலாம். முழுத் தோலையும் பின்னாலிருந்து முன்னால் திருப்பிக் கொண்டுவந்து உச்சந்தலை மேல் வைக்கிறேன். மூடுகிறது. முன்பக்கம் அழகாக மூடுகிறது. ஆனால் முன்னால் வந்த அளவுக்குப் பின்னால் இடம் விட்டுப்போகும், அதுதான் கணக்கு, தோல் எங்கிருந்தும் புதிதாக வராது. பின்மண்டையில் அந்த இடைவெளி. "இழுத்தா சேரும் மேடம்" என்கிறாள் அகல்யா. அவள் சொன்னது சரி. ரெண்டு கொக்கியால் ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக் காட்டுகிறாள், சேர்கிறது. சேர்ந்துவிட்டால் எங்கேயும் வழுக்கை இல்லை. ஒரு மெல்லிய தழும்புக்கோடு மட்டும், மற்ற எல்லா இடத்திலும் முடி. முடி மொளைக்குமுங்களா? மொளைக்கும் கோகிலவாணி, எல்லா இடத்திலும் மொளைக்கும். காலையில் ஸ்ட்ரெச்சரோடு வந்தபோது என் கையைப் பிடிக்கவில்லை, அழவில்லை, சும்மா என் முகத்தைப் பார்த்தாள், முடிஞ்சவரைக்கும் பாக்கறேன்மா என்றேன், அவள் தலையாட்டிய விதத்தில் அது சத்தியமாகிவிட்டது. தைக்கச் சொன்னேன். நானும் தைத்தேன். முதலில் உள்தையல், பிறகு மேல்தையல், பின்மண்டையில் ரெண்டு விளிம்பும் ஒன்றையொன்று தொட்டன. பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தது. படம் எடுத்து மாநாட்டில் காட்டலாம். அந்த நினைப்பு வந்த அதே நேரத்தில் அகல்யா "மேடம், விளிம்பு" என்றாள்.

முன்பக்க விளிம்பு. உச்சந்தலையைத் தாண்டி நெற்றிக்கு அருகில் வரும் கடைசி நுனி. முதலில் வெளுத்திருந்தது, சரி, இப்போதுதானே தைத்தோம். பிறகு வெளுப்புக்குள் மெல்லிய நீலம். விரலால் அழுத்தி எடுக்கிறேன். அழுத்தினால் வெளுக்க வேண்டும், எடுத்தால் உடனே நிறம் ஓடிவர வேண்டும். வரவில்லை. வருகிறது, ஆனால் மனசில்லாமல் வருகிறது. வெதுவெதுப்பான உப்புநீர்த் துணி வையுங்கள், பார்ப்போம். ஜலாலுதீன், பிரஷர் எப்படி? நல்லா இருக்கு, என் பக்கம் ஒண்ணும் இல்லை என்கிறார். அப்படியானால் என் பக்கம்தான். அடியில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று வழித்துப் பார்க்கிறேன், இல்லை. இழுப்புதான். இழுத்து இழுத்து ரத்தம் போகும் வழியை நெரித்துவிட்டோம். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று எனக்குள் ஒன்று சொல்கிறது. பெரும்பாலும் சரியாகிவிடும் என்கிறது. ரெண்டு நாளில் நீலம் போய்விடும், எத்தனையோ பார்த்திருக்கிறாய் என்கிறது. எல்லாம் நிஜம். எத்தனையோ பார்த்திருக்கிறேன், தப்பிக்காத நுனிகளையும் பார்த்திருக்கிறேன். நுனி செத்தால் எங்கே சாகும்? உச்சந்தலையில். நான் இப்போது சுரண்டி உயிர் கண்ட எலும்பின் மேல் சாகும். அந்தச் சிவப்புப் புள்ளிகள் திரும்பக் காயும். அப்புறம் முடி மொளைக்குமா என்கிற கேள்வியே இருக்காது. கடிகாரச் சத்தம் கேட்கிறது, இந்த அறையில் கடிகாரம் சத்தம் போடும் என்றே எனக்குத் தெரியாது. கோகிலவாணி வெளியே தூணோரமாக உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தெரியாது. தெரியாமலே போகலாம், யாரும் இதற்காக என்னைக் கேட்கப்போவதில்லை. இது என்ன ஆசை, இவ்வளவு அழகாகச் சேர்ந்ததைப் பிரிக்கக் கை வரமாட்டேன் என்கிறதே. யாருக்காக? அவளுக்காகவா, மாநாட்டுப் படத்துக்காகவா, வேத்தாள் என்று சொன்னதை எப்படியாவது சரிக்கட்டிவிட வேண்டும் என்பதற்காகவா? சொன்னது சொன்னதுதான் ஹெப்சிபா. அதைத் தையல் போட்டு மூட முடியாது. குழந்தைக்கு வேண்டியது முதலில் மண்டைக்கு மேல் உயிருள்ள தோல். இது அவ்வளவு கஷ்டமான விஷயம் இல்லை. துணியை எடுக்கிறேன். நீலம் அப்படியே இருக்கிறது. கொஞ்சம் கூடியிருக்கிறதோ.

"பின்னாடி தையல் எல்லாத்தையும் எடு" என்கிறேன். அகல்யா ஒரு கணம் என் கண்ணைப் பார்க்கிறாள். "எல்லாமா மேடம்?" எல்லாம். கத்தரி ஒவ்வொன்றாக வெட்டுகிறது, ஒவ்வொரு தையல் விடும்போதும் தோல் கொஞ்சம் முன்னால் நகர்கிறது, இறுக்கிய ஜாக்கெட்டின் கொக்கியை அவிழ்த்த மாதிரி ஒரு தளர்வு. பின்மண்டையில் இடைவெளி திறந்துகொள்கிறது, குழந்தையின் உள்ளங்கையளவு. அங்கே சவ்வு இருக்கிறது, ஈரமாக, பளபளவென்று, உயிருள்ள நிலம். தொடையிலிருந்து மெல்லிய தோல் சீவி வைத்தால் பிடித்துக்கொள்ளும். முடி வராது. அந்த ஒரு இடத்தில் மட்டும் வராது. சுற்றியிருக்கும் முடி வளர்ந்தால் மறைத்துவிடும், பள்ளிக்கூடம் போகிற வயதில் பக்கத்துத் தோலுக்கு அடியில் சின்னப் பை வைத்து, வாராவாரம் உப்புநீர் ஏற்றி, தோலை வளரவிட்டு அதையும் மூடிவிடலாம், நானே செய்வேன், நான் இல்லாவிட்டால் அகல்யா செய்வாள். இப்போது முன்னால் பார்க்கிறேன். வேறெங்கும் பார்க்கவில்லை. நுனி. நீலம். நீலம். ஓரத்தில், காதுப்பக்கமிருந்து, யாரோ மெதுவாக விளக்கைக் கூட்டுவது மாதிரி ஒரு ரோஸ் வருகிறது. நகர்கிறது. தயங்குகிறது, நில்லாதே, வா, வருகிறது, நுனி வரைக்கும் வந்துவிட்டது. விரலால் அழுத்தி எடுக்கிறேன். எடுத்த கையோடு நிறம் திரும்பி ஓடிவருகிறது. இன்னொருதரம். ஓடிவருகிறது. "ம்" என்கிறார் ஜலாலுதீன். அவர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே அப்போதுதான் தெரிகிறது. தொடைத்தோலைச் சீவி எடுத்து, சின்னச் சின்ன ஓட்டை போட்டு, பின்மண்டையில் பரப்பி, பஞ்சுப்பொதி வைத்துக் கட்டுகிறோம். அகல்யா கட்டுப்போட, நான் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன். இளநீர்க் காய் மாதிரி கனம். கட்டைப் பிரிக்கிற அன்று என்ன பார்க்கப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். ரோஸ்தான். சந்தேகம் இல்லை. தலைக்குள் இருந்த பயம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை, பசி மட்டும் இருக்கிறது.

ரெகவரி அறையில் தன்ஷிகா கண் திறப்பதற்கு முன்னாலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். நல்ல கட்டையான அழுகை, நெஞ்சிலிருந்து வருவது, ஜலாலுதீன் அதைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். குழந்தையின் கை தலைக்குப் போகிறது, நான் பிடித்துக்கொள்கிறேன். வெளியே போய்க் கோகிலவாணியிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்குகிறேன். முன்னால் நன்றாக மூடியாகிவிட்டது, எலும்பு நல்லபடியாக இருக்கிறது, முதலில் இதைச் சொல்லலாம், பிறகு பின்னால் ஒரு இடம், இல்லை, அதை முதலில் சொல்லிவிடலாம், உடைத்துச் சொல்வதுதான் நல்லது, ஆனால் எந்தச் சொல்லை எடுப்பது, வழுக்கை என்று குழந்தைக்குச் சொல்வார்களா. குழந்தை ஏதோ சொல்கிறாள். தொண்டையில் குழாய் இருந்ததால் குரல் கரகரவென்று வருகிறது. குனிகிறேன். "என்ன கண்ணு?" உதடு காய்ந்திருக்கிறது. திரும்பச் சொல்கிறாள். "செருப்பு." என்ன? "எம்பட செருப்பு எங்க?" அழுகை நின்று, கண் பாதி திறந்து, கோபமாகக் கேட்கிறாள். நான் சிஸ்டரைப் பார்க்கிறேன், சிஸ்டர் என்னைப் பார்க்கிறார். வார்டிலிருந்து ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துக் கொண்டுவந்த பிள்ளைக்குச் செருப்பு ஏது? குனிந்து ஸ்ட்ரெச்சருக்கு அடியில்கூடப் பார்த்தேன், எவ்வளவு முட்டாள்தனம். இல்லை. இரு கண்ணு, கேட்டுட்டு வர்றேன் என்கிறேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறேன். கோகிலவாணி தூணோரம் உட்கார்ந்திருக்கவில்லை, கதவுக்கு நேரே நின்றுகொண்டிருக்கிறாள், அவளுக்குக் கொஞ்சம் பின்னால் அவள் புருஷன் சுவரைப் பார்த்தபடி நிற்கிறான். அவள் ரெண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து வைத்திருக்கிறாள். கையில் ஒரு ஜோடிச் செருப்பு. ரோஸ் கலர், வாரில் ஒரு பிளாஸ்டிக் பூ, குதிகால் பக்கம் தேய்ந்தது. காலையில் குழந்தையை அவளிடமிருந்து பிரித்து உள்ளே கொண்டுபோனபோது காலிலிருந்து கழற்றியதா, இல்லை, வீட்டிலிருந்தே கொண்டுவந்து வைத்திருந்தாளா, கேட்கவில்லை. அவள் வாயைத் திறக்கிறாள், என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும், அதற்குள் என் வாயிலிருந்து அடுக்கி வைத்திருந்த எதுவும் வராமல் இது வந்துவிட்டது. "செருப்பு எங்கேன்னு கேக்கறா."

கோகிலவாணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. முகம் அழுகைக்குப் போய் வழியிலேயே திரும்பி வேறெங்கோ போனது, தொண்டையில் ஒரு சத்தம், சிரிப்பென்றுதான் நினைக்கிறேன். பின்னால் நின்ற புருஷன் சுவரிலிருந்து திரும்பினான். அப்போதே சொல்லிவிட்டேன், முன்னால் எல்லாம் மூடியாகிவிட்டது, எலும்பு நன்றாக இருக்கிறது, பின்னால் இவ்வளவு இடத்தில் முடி வராது, இழுத்துச் சேர்க்கப் பார்த்தேன், சேர்த்தால் முன்னால் ஆபத்தாகியிருக்கும், அதனால் விட்டுவிட்டேன், கொஞ்சம் வளர்ந்ததும் அதையும் சரிசெய்யலாம். என் உள்ளங்கையை மடக்கி அளவு காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். தன் தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பின்னல் விழுகிற எடந்தானுங்க. மறைச்சுக் கட்டிக்கலாம்" என்றாள்.

பிறகு செருப்பின் அடியில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்தாள், ஒன்றை, பிறகு இன்னொன்றை, விரலிடுக்கு வரைக்கும், நான் கத்திகளைத் துடைக்கச் சொல்கிற மாதிரி. துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினாள். வெளியில் போட்ட செருப்பு இந்தக் கதவைத் தாண்டக்கூடாது, சுவரில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது, போடச் சொன்னதே நான்தான். வாங்கிக்கொண்டேன். ரெண்டும் சேர்ந்து என் ஒரு கையில் அடங்கின. உள்ளேயிருந்து அந்தக் கட்டைக்குரல் மறுபடி கேட்டது, முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.